வாசகர் கேள்வி–பதில்: பிரேக் போல்ட்டைக் கழற்றினால் புதிது போட்டே ஆக வேண்டுமா?

முன் சக்கர டிஸ்க் பிரேக்கைப் பற்றி ஒரு வாசகர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன். அதே பொருளை ஒட்டி வந்த வேறு சில கேள்விகளுக்கும் அதன் பின்னால் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மோட்டார் சைக்கிளின் முன்பக்க டிஸ்க் தேய்ந்துவிட்டதால் புதிய டிஸ்க்கும் பிரேக் பேடும் வாங்கி நானே பொருத்தத் தொடங்கினேன். டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும், பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரை, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினால் புதிதாக மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் கையேட்டில் எழுதியிருக்கிறது. பல ஆண்டுகளாக எனக்கு வண்டி பார்த்துத் தரும் மெக்கானிக்கோ, தான் ஒருநாளும் அப்படி மாற்றியதில்லை என்றும், அதனால் எந்த வண்டியும் கெட்டதில்லை என்றும் சொல்கிறார். என் நண்பரின் வண்டி வேறு நிறுவனத்தினுடையது. அதன் கையேட்டில் பழைய போல்ட்டையே பசை தடவிப் போடச் சொல்லியிருக்கிறது. இரண்டும் இரும்புதானே? ஒரு நிறுவனத்தின் போல்ட் மட்டும் ஒரே தடவையில் எப்படிக் கெட்டுப்போகும்? உதிரி பாகம் விற்பதற்காகச் செய்கிற வேலையா இது?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. இரண்டு கையேடுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றினாலும் இரண்டுமே சரி. ஒரே தடவையில் தீர்ந்துபோவது அந்தப் போல்ட்டின் இரும்பு அன்று. மரையின்மேல் தொழிற்சாலையிலேயே பூசி அனுப்பப்படும் பூச்சு. இதைப் புரிந்துகொள்ள, அந்தப் போல்ட் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காலிப்பர் போல்ட் ஓர் ஆணியைப்போலக் குறுக்கே நின்று காலிப்பரைத் தாங்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீண்டு, இழுத்துக் கட்டிய ஸ்பிரிங்கைப்போல இரு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் இரு முகங்களுக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் பிரேக் பிடிக்கும்போது காலிப்பரை நகர விடாமல் நிறுத்துகிறது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 220 கிலோ என்றும், ஒரே டிஸ்க் உள்ள முன் சக்கரத்தால் அவசரமாக நிறுத்துகிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், டிஸ்க்கோடு சேர்ந்து சுழன்றுவிடும்படி காலிப்பரைத் தள்ளும் விசை ஏறத்தாழ 3,700 நியூட்டன் வரும்; அதாவது 370 கிலோவுக்கும் சற்று மேற்பட்ட எடையைக் காலிப்பரில் தொங்கவிட்டதற்கு இணை. 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்கினால் அது தரும் அழுத்தம் 18,000 நியூட்டனுக்கு மேல். இரண்டு போல்ட்டுகளும் சேர்ந்து தரும் அழுத்தத்தில் உராய்வாகக் கிடைப்பது ஏறத்தாழ 5,600 நியூட்டன். தேவைக்கு மேல் இருக்கிறது, ஆனால் பெரும் மிச்சம் ஒன்றும் இல்லை. இறுக்கம் பாதியாகக் குறைந்தால் உராய்வும் 2,800 நியூட்டனாகக் குறைகிறது. அதன்பின் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் காலிப்பர் ஒரு மயிரிழை அளவு முன்னும் பின்னும் நழுவத் தொடங்கும்.

அந்த மயிரிழை நழுவல்தான் ஆபத்தின் தொடக்கம். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட அதற்குக் குறுக்கே வரும் அசைவே அதை வேகமாகக் கழற்றுகிறது என்று சோதனை செய்து காட்டினார். குறுக்கே நழுவும் அந்தக் கணத்தில் மரையின் பிடிப்பு அற்றுப்போவதால், போல்ட் தன் இழுவிசையாலேயே தன்னைத் திருகிக் கழற்றிக்கொள்கிறது. நாம் பல காலமாக நம்பிவந்த ஸ்பிரிங் வாஷர் இந்த வகை அசைவைத் தடுப்பதில்லை என்பதும் அவர் வகுத்த சோதனை முறையால் பின்னர் தெளிவாயிற்று. ஆகவேதான் பிரேக்கின் முக்கியமான போல்ட்டுகளில் பல நிறுவனங்கள் ஸ்பிரிங் வாஷரை விட்டுவிட்டு, மரையிலேயே பிடிப்புத் தரும் பூச்சுக்கு வந்திருக்கின்றன.

இந்தப் பூச்சு இரண்டு வகைப்படும். முதல் வகை நைலான் போன்ற பிளாஸ்டிக் ஒட்டு. மரைகளுக்கு இடையே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, போல்ட்டை எளிதில் சுழல விடாமல் பிடித்துக்கொள்ளும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் இது கொஞ்சம் நசுங்கும், ஆனாலும் சில தடவைகள் தாங்கும். இரண்டாம் வகையில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளில் அடைத்த பசை காய்ந்த வண்ணப் பூச்சுபோல மரையில் ஒட்டியிருக்கும். போல்ட்டைத் திருகும்போது உறைகள் உடைந்து, பசை வெளிவந்து, ஒரு நாளுக்குள் முழுமையாக இறுகும். உடைந்த உறை மறுபடி உடைய முடியாது. கழற்றிய பின் மரையில் ஒட்டியிருக்கும் அந்த நிறம், இறுகிப் பொடிந்த பழைய பசையின் மிச்சமே தவிர வேறில்லை. ஹோண்டா நிறுவனத்தின் பல கையேடுகளில் டிஸ்க் போல்ட்டுக்கும் காலிப்பர் போல்ட்டுக்கும் பக்கத்தில் புதியது போடும்படி குறிப்பிட்டிருப்பது இவ்வாறு முன்பே பூச்சிட்ட போல்ட் என்பதால்தான். வேறு சில நிறுவனங்கள் பூச்சில்லாத போல்ட்டைக் கொடுத்து, திரெட் லாக்கர் எனப்படும் பசையை நம்மையே தடவச் சொல்கின்றன. வேலை ஒன்றுதான், பசையைத் தொழிற்சாலை பூசுகிறதா, நீங்கள் பூசுகிறீர்களா என்பதே வேறுபாடு.

போல்ட்டின் உலோகத்தைப் பொறுத்தவரை உங்கள் மெக்கானிக் சொல்வதில் உண்மை இருக்கிறது. எஞ்சினின் சில போல்ட்டுகள் மீளா நீட்சி அடையும்வரை இறுக்கப்படுவதால் அவற்றை மறுபடி போடக் கூடாது. பிரேக் போல்ட் பெரும்பாலும் அப்படி இறுக்கப்படுவதில்லை. 10.9 என்று தலையில் குறியிட்ட 8 மில்லிமீட்டர் போல்ட், நிரந்தரமாக நீளாமல் ஏறத்தாழ 30,000 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும். நாம் கொடுப்பதோ 18,000 சொச்சம். அது கழற்றியவுடன் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். எனவே பூச்சற்ற பழைய போல்ட்டைப் போட்டவுடன் வண்டி கவிழ்ந்துவிடாது. சரியான அளவு இறுக்கியிருந்தால் உராய்வே அதைப் பிடித்து வைத்திருக்கும். அவர் கையால் போன வண்டிகள் எல்லாம் நல்லபடியாக ஓடியதற்குக் காரணம் இதுவே. ஆனால் அந்தப் பூச்சு இருப்பது எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்காக அன்று. இறுக்கம் சற்றுக் குறைந்துபோன நாளிலும், இரு முகங்களுக்கு நடுவே மண் சிக்கியிருந்த நாளிலும், போல்ட் முழுவதுமாகக் கழன்று விழாமல் தடுத்து, லீவரில் ஏதோ மாறுதல் தெரிகிறதே என்று நீங்கள் கவனிக்கும்வரை அவகாசம் வாங்கித் தருவதற்காகவே அது இருக்கிறது. அந்த அவகாசத்தை முன் பிரேக்கில் விட்டுக்கொடுக்க நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

ஆகவே உங்கள் வண்டிக்கு என் பதில், புதியதே போடுங்கள் என்பதுதான். புதிய டிஸ்க்கை வாங்கும்போதே அதன் போல்ட்டுகளையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்ல பழக்கம். உரிய போல்ட் உடனே கிடைக்கவில்லை, வண்டியும் நிற்க முடியாது என்ற நிலை வந்தால், பழைய போல்ட்டின் மரையிலிருந்து பூச்சை முழுவதும் கம்பி பிரஷ்ஷால் நீக்கி, எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி, நடுத்தர வலிமையுள்ள நீல நிறத் திரெட் லாக்கரை ஓரிரு துளி இட்டுப் போடுவது தொழில்நுட்ப அளவில் தவறில்லை. உங்கள் நண்பரின் வண்டிக்கு அதன் நிறுவனமே சொல்லும் முறை அதுதானே. ஆனாலும் கையேடு புதியது கேட்கும் இடத்தில் அதை இடைக்கால ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொண்டு, போல்ட் வந்தவுடன் மாற்றிவிடுங்கள். தன் பிளாஸ்டிக் ஒட்டு சில தடவை தாங்கும் வகை என்று நிறத்தை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு நிறம் பயன்படுத்துகிறார்.

போல்ட் புதிதா பழையதா என்பதற்குச் செலவிடும் கவலையில் பாதியையாவது அதைப் போடும் முறைக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பு சொன்ன 18,000 நியூட்டன் அழுத்தத்தைத் தரும்போது, 30 மில்லிமீட்டர் நீளமுள்ள போல்ட் எவ்வளவு நீள்கிறது தெரியுமா? 0.07 மில்லிமீட்டர் அளவுதான், அதாவது ஒரு தலைமயிரின் பருமன். காலிப்பருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு மெல்லிய வண்ணப்பூச்சுப் படலமோ துருப்பொடியோ சிக்கி, பிறகு அது நசுங்கிப்போனால், அந்த நீட்சியில் கணிசமான பங்கு காணாமல் போய்விடும். போல்ட் ஓர் அங்குலம்கூடத் திரும்பாமலேயே இறுக்கம் தளர்ந்துவிடும். எனவே இரு முகங்களையும், போல்ட் தலை உட்காரும் இடத்தையும் பளிச்சென்று துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். சக்கரத்திலுள்ள போல்ட் துளைகளில் பழைய பசைத் தூள் இருக்கும். பிரேக் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, உலர விடுங்கள். அடி மூடிய துளையில் திரவம் தேங்கியிருந்தால், போல்ட் அதை அழுத்தி, இறுகிவிட்டதுபோலப் போலியாகக் காட்டும்.

மரைக்கு எண்ணெய் தடவினால் சுலபமாக ஏறுமே என்று நினைக்க வேண்டாம். நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே செலவாகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. எண்ணெய் உராய்வைக் குறைத்துவிட்டால், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் அதே எண்ணைக் காட்டும்போதே போல்ட் மிக அதிகமாக இழுக்கப்பட்டிருக்கும். கையேட்டில் உள்ள எண் எந்த நிலைக்கு என்று பாருங்கள்: பல வண்டிகளில் உலர்ந்த மரைக்கு, சிலவற்றில் பசை தடவிய மரைக்கு. டிஸ்க் போல்ட்டுகளை ஒன்றுவிட்டு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் படிப்படியாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் டிஸ்க் நேராக உட்காராது. முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் அடுத்த பாகத்தின்மேல் நீளும்படி வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் கழித்து அந்தக் கோடு ஒடியாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பசை இறுகிய போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம் என்று திருப்பினால் நீங்களே பசையை உடைத்துவிடுவீர்கள். வண்டியை நகர்த்தும் முன் லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்த மறக்காதீர்கள். பேட் மாற்றியபின் முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது.

கேள்வி: என் வண்டியின் கையேடு காலிப்பர் போல்ட்டை மாற்றச் சொல்லவில்லை. டயர் மாற்றும்போதெல்லாம் காலிப்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பழைய போல்ட் இன்னும் நன்றாக இருக்கிறது என்பதை வீட்டிலேயே எப்படிக் கண்டறிவது?

பதில்: முதலில் நன்றாகக் கழுவுங்கள், அழுக்கோடு பார்த்தால் எந்தப் போல்ட்டும் பாதி நல்லதாகவும் பாதி கெட்டதாகவுமே தெரியும். பிறகு அதே மரையுள்ள புதிய நட்டு ஒன்றை விரலால் மட்டும் அதன்மேல் ஓட்டுங்கள். முனையிலிருந்து மரையின் கடைசிவரை நட்டு ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால் அங்கே மரை நசுங்கியிருக்கிறது அல்லது போல்ட் நீண்டிருக்கிறது. இரண்டில் எதுவாயினும் அது கழிவுதான். கண்ணாடிப் பரப்பில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தத்தளிக்கும். மரைக்கும் தலைக்கும் இடையே இடுப்புபோல ஒடுங்கியிருக்கிறதா, தலைக்கு அடிப்புறம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, ஆலன் கீ போகும் குழியின் மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். மேலோட்டமான துருத் தூசு துடைத்தால் போய்விடும். துடைத்த பிறகும் குழிகுழியாக இருந்தால் அந்தக் குழிகளில்தான் விரிசல் தொடங்கும். மரையின் பள்ளத்தில் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக அலுமினியம் ஒட்டியிருந்தால் போல்ட்டை விட்டுவிட்டு, காலிப்பரின் மரையைச் சோதியுங்கள், உரிந்துவருவது அதுதான்.

சோதனையில் தேறிய போல்ட்டையும் காலவரையின்றி வைத்திருப்பது என் வழக்கமன்று. இரண்டு தடவை பேட் மாற்றியபின், மூன்றாம் தடவை காலிப்பர் போல்ட்டுகளையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. என் மன நிறைவுக்காக நான் வைத்துக்கொண்ட கணக்கு.

கேள்வி: பிரேக் ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் துளையிட்ட போல்ட்டையும் அதன் காப்பர் வாஷர்களையும் மறுபடி பயன்படுத்தலாமா? வாஷரை நெருப்பில் காட்டி எடுத்தால் புதிதாகிவிடும் என்கிறார்களே?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது பேஞ்சோ போல்ட். இதில் போல்ட்டுக்கும் வாஷருக்கும் விதி வேறு வேறு. வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். போல்ட் நல்ல நிலையில் இருந்து, கையேடும் மறுக்கவில்லை என்றால், மறுபடி போடலாம்.

வாஷர் மெத்தென்ற உலோகத்தால் ஆனது. இறுக்கும்போது அது நசுங்கி, ஹோஸ் முனையிலும் காலிப்பரிலும் உள்ள நுண்ணிய கீறல்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்வதால்தான் பிரேக் ஆயில் கசியாமல் நிற்கிறது. ஒருமுறை நசுங்கிய காப்பர் கெட்டிப்பட்டுவிடுகிறது. அதைப் புதிய இடத்தில் அழுத்தினால் புதிய கீறல்களுக்குள் அது புகாது. மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கி ஆறவிட்டால் காப்பர் மறுபடி மெத்தென்று ஆகும் என்பது உண்மைதான்; ஆனால் முன்பு நசுங்கியதால் குறைந்த பருமனும், முகத்தில் விழுந்த வரிகளும் திரும்பி வருவதில்லை. அலுமினிய வாஷரை இவ்வாறு செய்ய முயன்றால் 660 டிகிரி செல்சியஸில் அது உருகியே போய்விடும். உருகுமுன் நிறம் மாறி எச்சரிக்கவும் செய்யாது. ஒரு ஹோஸ் இணையும் இடத்தில் இரண்டு வாஷர், ஒரே போல்ட்டில் இரண்டு ஹோஸ் இணையும் இடத்தில் மூன்று வாஷர் என்பதை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பேஞ்சோ போல்ட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு துளையும், பக்கவாட்டில் ஒரு துளையும் இருக்கும். தடிமனாகத் தெரிந்தாலும் பக்கத் துளை இருக்கும் இடத்தில் அதன் உலோகம் மிகக் குறைவு. கசிவை நிறுத்துவதாக எண்ணி அளவுக்கு மீறி இறுக்குபவர்கள் கையில் இது ஒடிவது அங்கேதான். வண்டிக்கு வண்டி மாறினாலும் இதன் இறுக்கம் பெரும்பாலும் 20 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் கையேட்டின் எண்ணைப் பார்த்து அங்கேயே நிறுத்துங்கள். அந்த அளவிலும் கசிந்தால் வாஷரிலோ, அது உட்காரும் முகத்திலோ குறை இருக்கிறது. மேலும் இறுக்குவது அதற்குத் தீர்வாகாது. இதன் மரையில் திரெட் லாக்கரோ, குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்போ வேண்டாம். டேப்பின் ஒரு துணுக்கு உள்ளே போனால் லீவரோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் நுண்துளையை அடைத்துவிடும். இறுக்கியபின் காற்றை வெளியேற்றிவிட்டு, இணைப்பை உலர்ந்த காகிதத்தால் சுற்றி, லீவரைச் சிறிது நேரம் பலமாக அழுத்திப் பிடித்திருங்கள்; காகிதத்தில் ஈரம் தெரியக் கூடாது. டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் வண்ணப்பூச்சை அரிக்கும் என்பதால் சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளைப் பிரேக்குக்கும் போட விரும்புகிறேன். புதியதுதானே, பழையதைவிட நல்லதாகத்தானே இருக்கும்?

பதில்: இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். தரம் தெரியாத புதிய போல்ட்டைவிட, சோதித்துத் தேறிய பழைய அசல் போல்ட் மேலானது.

பரவலாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலையில் ஏ2-70 என்ற குறி இருக்கும். அந்த வகையில் 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று ஏறத்தாழ 16,000 நியூட்டன் இழுவிசையிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். முதல் பதிலில் சொன்ன 18,000 நியூட்டனை அதனால் ஏற்க முடியாது; கையேட்டின் எண்ணுக்கு இறுக்கினால் நீண்டுபோகும், குறைத்து இறுக்கினால் காலிப்பர் நழுவும். அலுமினியக் காலிப்பரோடு ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது, துருப்பிடிக்காத அந்தப் போல்ட் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். போதாக்குறைக்கு, ஸ்டெயின்லெஸ் மரையில் திரெட் லாக்கர் மெதுவாகத்தான் இறுகுகிறது. பெட்ரோல் டேங்க் மூடிக்கும் நம்பர் பிளேட்டுக்கும் தாராளமாகப் போடுங்கள். பிரேக்குக்கு நிறுவனத்தின் அசல் போல்ட், அது கிடைக்காவிட்டால் அளவு, மரை இடைவெளி, மரையில்லாத தண்டின் நீளம், தலையின் உயரம், வலிமைக் குறி ஆகிய அனைத்தும் அசலோடு ஒத்தது. தலையின் உயரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில வண்டிகளில் டிஸ்க் போல்ட் தலைக்கும் காலிப்பருக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கும்.

கேள்வி: டிஸ்க் போல்ட் அசையவே இல்லை. பலமாகத் திருகியதில் ஆலன் கீ போகும் குழி உருண்டையாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: மேற்கொண்டு திருகாதீர்கள். அதைப் பிடித்திருப்பது பெரும்பாலும் துரு அன்று, இறுகிய பசை. பசை வெப்பத்துக்குத்தான் இளகும். ஹாட் ஏர் கன்னைப் போல்ட் தலையின்மேல் சில நிமிடங்கள் காட்டுங்கள். சக்கரத்தின் பேரிங் சீலும் டயரும் அருகில் இருப்பதால் திறந்த நெருப்பு வேண்டாம். சூடு இருக்கும்போதே, உருண்ட குழியைவிட ஒரு மயிரளவு பெரிய நட்சத்திர முனை பிட் ஒன்றைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கி, நீண்ட கைப்பிடியால் ஒரே சீராகத் திருப்புங்கள். தட்டும் அதிர்ச்சியே பசையைப் பாதி உடைத்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் போல்ட்டின் தலையை மட்டும் டிரில் செய்து எடுத்துவிட வேண்டியதுதான். தலை போனதும் இழுவிசை தீர்ந்துவிடுகிறது. டிஸ்க்கைத் தூக்கியபின் வெளியே நிற்கும் தண்டைச் சூடாக்கிப் பிளையரால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வியக்கத்தக்க எளிமையோடு வந்துவிடும். இவ்வளவு பாடுபட்டுக் கழற்றிய போல்ட்டுகளை, குழி உருளாத மற்றவை உட்பட, எந்தக் கையேடு என்ன சொன்னாலும் திரும்பப் போடாதீர்கள். புதியவற்றுக்குச் சிவப்பு நிறத் திரெட் லாக்கரைத் தடவுவதும் வேண்டாம். அதை இளக்க ஏறத்தாழ 250 டிகிரி வெப்பம் வேண்டும், அடுத்த முறை கழற்றுபவர் இதே துன்பத்தை இரு மடங்காகப் படுவார்.

கேள்வி: பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தும். டிரம் பிரேக்கில் நீங்கள் கவலைப்பட வேண்டிய போல்ட், பிரேக் பிளேட்டைச் சட்டத்தோடு இணைக்கும் டார்க் ஆர்ம் எனும் பட்டையின் இரு முனைகளிலும் இருப்பது. அது கழன்றால், பிரேக் அழுத்தும்போது பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, பிரேக் ராடை இழுத்துச் சுற்றி, சக்கரத்தையே பூட்டிவிடும். போல்ட் நன்றாக இருந்தால் திரும்பப் போடலாம். அதன் துளையில் செருகும் காட்டர் பின்னை ஒருமுறை விரித்து நிமிர்த்திய பிறகு மறுபடி பயன்படுத்தக் கூடாது. வளைந்த இடத்தில் அது ஏற்கெனவே பாதி ஒடிந்திருக்கும். பின்னுக்குப் பதிலாக நைலான் வளையமுள்ள நட்டு இருந்தால், விரலாலேயே திருகும் அளவு அது தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். பின் இல்லை என்று கம்பியைச் சுற்றி விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: பிரேக் பேடைத் தாங்கும் பின்னில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாமா?

பதில்: நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் புதிய பின் போடுங்கள். அந்தப் பள்ளத்தில் பேட் சிக்கிக்கொண்டு, லீவரை விட்டபிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய், அடுத்த மழைக்குத் துருவேறி இறுகிவிடும்.

கேள்வி: காலிப்பர் போல்ட்டை இறுக்கும்போது கடைசியில் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புதிய போல்ட் போட்டும் அப்படித்தான். சற்றுப் பெரிய போல்ட்டாகப் போட்டு இறுக்கிவிடலாமா?

பதில்: கூடாது, இதைச் சரிசெய்யும்வரை வண்டியையும் எடுக்காதீர்கள். போயிருப்பது போல்ட்டின் மரை அன்று, அலுமினியத்தின் மரை. எஃகுப் போல்ட்டும் அலுமினியத் துளையும் சேரும் இடத்தில் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். இதற்கு இரண்டு காரணங்களை அதிகம் பார்க்கிறேன். ஒன்று, நீளம் குறைந்த போல்ட். அலுமினியத்துக்குள் போல்ட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது மரை இறங்கியிருக்க வேண்டும், 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 12 மில்லிமீட்டர். மற்றொன்று, மரை இடைவெளி மாறிய போல்ட். 10 மில்லிமீட்டர் போல்ட் 1.25 இடைவெளியிலும் 1.5 இடைவெளியிலும் வருகிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தவறானது இரண்டு சுற்று ஏறி நிற்கும். அப்போது ஸ்பேனரை எடுத்தவர் மரையை அறுத்துவிடுகிறார். எந்தப் போல்ட்டாயினும் முதல் நான்கைந்து சுற்றுகள் விரலால் ஏற வேண்டும், ஏறாவிட்டால் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு உரிய பரிகாரம், துளையைச் சற்று அகலப்படுத்தி, புதிய மரை வெட்டி, அதில் எஃகுக் கம்பிச் சுருளாலான மரைச் செருகியைப் பொருத்துவது. சரியாகச் செய்தால் பழைய அலுமினிய மரையைவிட அது உறுதியாக இருக்கும். டிரில்லைச் செங்குத்தாக நிறுத்தும் மேடை உள்ள லேத் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள், கையில் பிடித்துத் துளையிட்டால் காலிப்பர் சாய்ந்து உட்காரும். கொடுக்கும் முன் துளையைச் சுற்றிலும் நன்றாகக் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். துளையின் விளிம்பிலிருந்து வெளிப்புறமாக ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது விரிசல். அந்தக் காலிப்பருக்கோ ஃபோர்க்குக்கோ செருகி போட இயலாது, பாகத்தையே மாற்ற வேண்டும்.